எட்டு எண்ணிவிட்டு அழுத பெண்: டான்ஸ் ஷோவிலிருந்து சீரியலுக்கு வந்தவர்களோடு உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு (உதவி இயக்குநர்)

மெகா சீரியலில் உதவி இயக்குநராக ஒன்பது வருஷம் ஓட்டியாகிவிட்டது. க்ளாப் அடிப்பது, கன்டின்யூட்டி எழுதுவது (ஷாட்டுக்கு ஷாட் கை, உடை, பொருள் மாறாமல் இருக்கக் குறித்து வைப்பது), கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து வசனத்தை ப்ராம்ப்ட் செய்வது, இதுதான் பிழைப்பு. மாடலிங்கிலிருந்து வந்தவர்கள், நாடகத்திலிருந்து வந்தவர்கள், யாரோ சிபாரிசில் வந்தவர்கள் என்று எல்லோருக்கும் வசனம் எடுத்துக்கொடுத்திருக்கிறேன். டான்ஸ் போட்டியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் தனி ரகம். அதில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இப்போது நன்றாக நடித்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தால் சிரிப்பார்.

டிவி டான்ஸ் ஷோ ஒன்றில் இறுதிச்சுற்று வரை வந்தவர். முதல் நாள் ஷூட்டிங்கில் ஹாலில் மாஸ்டர் ஷாட், அதாவது ஸீன் முழுவதையும் தூரத்திலிருந்து ஒரே ஷாட்டில் எடுப்பது. வாசலிலிருந்து நடந்து வந்து, சோபாவுக்குப் பின்னால் நின்று, திரும்பி வசனம் பேச வேண்டும். தரையில் டேப் ஒட்டி மார்க் போட்டேன். புதிதாக வருகிறவர்கள் அந்த டேப்பைக் குனிந்து பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு அடி தள்ளி நின்று கேமராவின் ஃபோகஸைப் பார்த்துக்கொள்கிற ஃபோகஸ் புல்லரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். இவர் ஒரே ஒரு தடவை நடந்து பார்த்தார். டேக்கில் கண்ணைக் கீழே இறக்காமல் வந்து, டேப்பின் மேல் கட்டைவிரல் படும்படி நின்றார். அடுத்த டேக்கிலும் அதே இடம். எந்த வரியில் எந்தக் கையால் தலைப்பை இழுத்தார் என்று நான் எழுதி வைக்கவே தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் அதே வரி, அதே கை. கேமராமேன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இன்று சீக்கிரம் பேக்கப் என்று எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு சந்தோஷம்.

மதியம் க்ளோசப் வந்தது. சந்தோஷம் போயிற்று.

மாமியார் "இந்த வீட்ல உனக்கு இடமில்ல" என்று சொல்ல வேண்டும். இவர் அதைக் கேட்டு, கண் கலங்கி, பதில் சொல்ல வேண்டும். கண்ணீர் வந்தது, குரல் உடைந்தது, எல்லாம் சரிதான். ஆனாலும் மானிட்டரில் பார்த்தால் சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருந்தது. இயக்குநர் மூன்று டேக் போனார். அவருக்கும் என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. நான் கீழே உட்கார்ந்திருந்ததால் ஃப்ரேமுக்கு வெளியே இருந்த வலது கை எனக்குத் தெரிந்தது. ஆள்காட்டி விரல் புடவை மடிப்பின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. எட்டாவது தட்டில் முகம் திரும்புகிறது. அடுத்த எட்டில் கண்ணீர். அதற்கடுத்த எட்டில் வசனம். மூன்று டேக்கிலும் அம்மணி ஒரே இடத்தில்தான் அழுதிருக்கிறார்!

லைட் மாற்றும்போது மெதுவாகக் கேட்டேன், "எண்றீங்களாம்மா?"

"எண்ணாம எப்படிண்ணா?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். சின்ன வயதிலிருந்து டான்ஸ் மாஸ்டர் எண்ணுகிற "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" காதில் விழாமல் அந்த உடம்பு எதையும் ஆரம்பித்ததே இல்லை.

மாமியாராக நடித்த அம்மா நாடக மேடையில் பழுத்தவர். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டேக்கில் "இந்த வீட்ல உனக்கு" என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டார். பேசாமல் அந்தப் பெண்ணின் நெற்றிப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இந்தப் பக்கம் விரல் தெரிகிறது. ஆறு, ஏழு, எட்டு. அதற்கு மேல் எண்ண ஒன்றுமில்லை. விரல் புடவையைப் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு வசனம் மறந்துவிட்டதா, தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா, கட் சொல்வார்களா என்று கண் அலைகிறது. அந்த அலைச்சலின் நடுவில், ரொம்பத் தாழ்ந்த குரலில், "இடமில்ல" என்றார் அம்மா. பெண்ணுக்கு வசனம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எடுத்துக்கொடுக்க வேண்டிய நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த டேக்தான் ஒளிபரப்பானது.

உங்களில் யாராவது இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருந்தால், அல்லது நீங்களே அந்த வழியில் வந்தவராக இருந்தால், எழுதுங்கள்.

மறுமொழி (மேக்கப் பக்கம்)

எண்ணுவது எனக்குத் தெரியாது. ஆனால் முகத்தைப் பற்றிச் சொல்ல முடியும். டான்ஸ் ஷோ மேக்கப் ஃப்ளோர் முழுக்க எரிகிற கலர் லைட்டுக்கும் தூரத்துக்கும் போடுவது. புருவம் தடிமன், கன்னத்தில் ஷேடிங், கண்ணுக்கு இரண்டு அடுக்கு இமைமுடி. ஆட்டத்தில் வேர்த்தாலும் அசையக் கூடாது. சீரியல் க்ளோசப்பில் அதே மேக்கப்பைப் போட்டால் முகமூடி மாதிரி தெரியும். இப்படி வந்த ஒரு பெண்ணுக்கு முதல் நாள் பாதி மேக்கப்பைத் துடைத்து எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, முகமே இல்லாத மாதிரி இருக்கு" என்றார். ஒரு வாரம் என் மேல் கோபம்.

இன்னொன்று சிரிப்பு. ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது வாயால் மூச்சு விடாமல், பல் தெரியச் சிரித்தபடி மூக்கால் மூச்சு விட இவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஜட்ஜ் பார்க்கும்போது மூச்சு இளைக்கக் கூடாதாம். சீரியலில் சாவு வீட்டு ஸீனில் ஓடி வந்து நிற்கச் சொன்னால், நின்றதும் அந்தச் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாவம், அவருக்கே தெரியாது. கட் சொன்னபின் எல்லோரும் சிரிக்க, அவரும் ஏன் என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

மறுமொழி (ஆடியவன், இப்போது நடிக்கிறவன்)

நான் அந்த வழியில் வந்தவன்தான். எண்ணுவது உண்மை. இன்றைக்கும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற ஸீன் என்றால் வெளியே நின்று நாலு எண்ணிவிட்டுத்தான் வருவேன். ஆனால் எனக்குப் பெரிய கஷ்டம் அது இல்லை.

டான்ஸ் ஷோவில் மூன்று நிமிஷ ஆட்டத்துக்கு ஒரு வாரம் ரிகர்சல். ஆடி முடித்ததும் அங்கேயே நிற்க வைத்து, எங்கே கால் பிசகியது, எங்கே ஜோடியை விட்டு முந்தினாய் என்று பிரித்து மேய்ந்துவிடுவார்கள். மார்க் வரும். அழுகை வருகிறதோ சிரிப்பு வருகிறதோ, அன்றைக்கே கணக்கு தீர்ந்துவிடும். சீரியலில் ரிகர்சல் என்பது லைட் போடுகிற நேரத்தில் பேப்பரை ஒரு தடவை வாசிப்பது. அப்புறம் டேக். அப்புறம் "ஓகே, நெக்ஸ்ட்".

முதல் மாதம் ஒவ்வொரு ஓகேவுக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று. லைட்மேன் வந்து, "தம்பி, ஸ்டாண்டை நகர்த்தணும், கொஞ்சம் தள்ளுங்க" என்பார். அதுதான் கமெண்ட். ஓகே என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஃபோகஸ் இருக்கிறது, வசனம் தப்பவில்லை, இருட்டுவதற்குள் இன்னும் நாலு ஸீன் பாக்கி என்று அர்த்தம். இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. மார்க் என்று ஒன்று இருந்தால் அது எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமை வருகிற பார்க் (BARC) ரேட்டிங்தான். அது சீரியலுக்கு வருகிற மார்க். நமக்கு எவ்வளவு என்று அதில் தேட முடியாது.

குரலும் போயிற்று. முதல் எபிசோடை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோம். என் வாயிலிருந்து வேறு யாரோ பேசுகிறார். எனக்கு யாருமே சொல்லவில்லை. அம்மா டிவியைப் பார்ப்பதை விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனிதான் போகப் போக உங்கள் கேரக்டர் வளரும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது. அறுபதாவது எபிசோடோ என்னவோ, என் கேரக்டர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டது. அதற்கப்புறம் அண்ணி மட்டும் அவ்வப்போது போனில் என்னோடு பேசுவார். அந்தப் பக்கம் நான் இல்லை, குரல்கூட இல்லை.

அடுத்த சீரியலில் நானே பேசுவேன் என்று நிபந்தனை போட்டேன். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை.

மறுமொழி (நடனப் பயிற்சியாளர்)

டான்ஸ் ஷோ என்பது நடிப்புக்கு ஏணி என்று என்னிடம் வருகிற பெற்றோர் பாதிப் பேர் நினைக்கிறார்கள். தமிழில் வண்டி முதலில் எதிர்த்திசையில்தான் ஓடியது என்று அவர்களிடம் சொல்வேன். 2006இல் விஜய் டிவியில் ஜோடி நம்பர் ஒன் வந்தபோதும், 2007இல் கலைஞர் டிவியில் மானாட மயிலாட வந்தபோதும் மேடையில் ஆடியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சின்னத்திரையில் முகம் தெரிந்தவர்கள். நடிகர்கள் ஆட வந்தார்கள், அவ்வளவுதான்.

ஆடுகிறவர்களுக்கென்றே வந்த ஷோவில் எல்லோரும் சொல்கிற உதாரணம் சாய் பல்லவி. 2008இல் உங்களில் யார் அடுத்த பிரபுதேவாவில் ஆடினார். அவர் கதாநாயகியாக அறிமுகமானது 2015இல். நடுவில் ஜார்ஜியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷ இடைவெளியை யாரும் எண்ணுவதில்லை, இங்கே எட்டு வரைக்கும் எண்ணுகிறவர்கள் இவ்வளவு பேர் இருந்தும்!

இந்தியில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. சக்தி மோகன் 2010இல் டான்ஸ் இந்தியா டான்ஸ் இரண்டாவது சீசனை ஜெயித்தார், அடுத்த வருஷமே சேனல் வியில் தில் தோஸ்தி டான்ஸ் தொடரில் கதாநாயகி. ஆனால் அது கல்லூரி டான்ஸ் குழுக்களின் கதை. ஆடத் தெரிந்தவர்களுக்காகவே எழுதிய தொடர். அதே தொடரில் நடித்த சாந்தனு மகேஸ்வரி நடிகரான பிறகும் ஆட்டத்தை விடவில்லை. 2015இல் லாஸ் ஏஞ்சலிஸில் வேர்ல்ட் ஆஃப் டான்ஸ் பட்டம் வென்ற தேசி ஹாப்பர்ஸ் குழுவில் அவரும் ஒருவர். நம் ஊர் சீரியலில் கதாநாயகி ஆடுவது கல்யாண ஸீனிலும் பண்டிகை ஸ்பெஷல் எபிசோடிலும்தான். மற்ற நாளெல்லாம் சமையலறை வாசலில் நின்று ஒட்டுக்கேட்க வேண்டும். அசையாமல் நிற்பதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

மறுமொழி (டப்பிங் கலைஞர்)

ஆடியவர் தம்பி மன்னிக்கவும், உங்கள் குரலைப் பறித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. உங்கள் சீரியல் இல்லை, பயப்படாதீர்கள்.

டான்ஸ் ஷோவிலிருந்து வந்தவர்களுக்குப் பேசுவது எங்களுக்குச் சுலபம். வசனத்துக்கு நடுவில் விடுகிற இடைவெளி ஒரே அளவாக இருக்கும். இரண்டு ரீல் பேசினால் பிடிபட்டுவிடும், அப்புறம் உதட்டைப் பார்க்காமலே பேசலாம். ஏன் அப்படி என்று இந்தத் திரியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் பதிவு எழுதிய சாருக்கு ஒரு கேள்வி. அந்த மாமியார் ஸீனில் பெண் பச்சைப் புடவையா? ஏனென்றால் அப்படி ஒரு லூப்பை (டப்பிங்குக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற சின்னத் துண்டு) நான் மறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதுவரை முப்பது எபிசோட் பேசியிருந்தேன். வழக்கம்போல் வாயைத் திறந்தேன், தப்பு. மறுபடியும் தப்பு. உதடு அசைகிறது, ஆனால் பேப்பரில் இருக்கிற வசனம் அதில் உட்காரவில்லை. இன்ஜினியரிடம், "சார், இங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். வசனத்தை விட்டுவிட்டு மைக்கில் ஒரு மூச்சு மட்டும் விட்டேன். அதையே வைத்துக்கொண்டார்கள்.

முதல் பதிவர்

பச்சைதான் மேடம். ஆனால் முதல் நாள் எடுத்ததென்றாலும் கதையில் அது முப்பதாவது எபிசோடுக்கு மேல்தான் வந்தது, லொகேஷன் கிடைத்த வரிசையில் எடுத்தோம். தயவுசெய்து எபிசோட் நம்பரை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.