கராஜ் கதவின் ஸ்பிரிங் முறிந்துவிட்டது: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

தலவாக்கலை_மேட்டுவீடு:

வணக்கம். வீட்டோடு சேர்ந்த கார் கராஜ். கதவு நான்கு பலகையாக மடிந்து மேலே போகும் வகை. அகலம் 8 அடி, உயரம் 7 அடி, இரும்புச் சட்டத்தின் மேல் மரம் போர்த்தியது. நிலைக்கு மேலே குறுக்காக ஒரு தண்டு, நடுத் தாங்கிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங். நேற்று இரவு பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். காலையில் பார்த்தால் இடப்பக்க ஸ்பிரிங் நடுவில் முறிந்து 2 அங்குலம் விலகி நிற்கிறது. வலப்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் கதவை அரை அடி தூக்கிவிட்டு நின்றுவிடுகிறது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது.

பக்கத்து வெல்டிங் கடைக்காரர் முறிந்த இடத்தை ஒட்டி, 12 மி.மீ. கொங்கிரீட் கம்பியால் மறுபடி முறுக்கித் தரலாம் என்கிறார். இது சரிவருமா? நானே எதுவரை செய்யலாம்? காரை எப்படி வெளியே எடுப்பது?

பட்டறை_ஹட்டன்:

தம்பி, முதலில் மோட்டாரின் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நீங்கள் ஏணியில் நிற்கும்போது வீட்டில் யாராவது ரிமோட்டை அமுக்கினால் தண்டு சுழலும்.

வெல்டிங் வேண்டவே வேண்டாம். இந்த ஸ்பிரிங் கரிமம் அதிகமுள்ள உருக்குக் கம்பி. அதன் பதம்தான் அதன் பலம். ஒட்டும் சூட்டில் ஓர் இடம் பதம் இழந்து இளகும், அதை ஒட்டிய இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்குப் போகும். முறுக்கி ஏற்றும்போதே ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும். அந்த நேரத்தில் முறுக்குகிறவரின் கை அங்கேதான் இருக்கும்.

இப்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முறிந்த ஸ்பிரிங்கில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. முறியாத வலப்பக்க ஸ்பிரிங்தான் முழு முறுக்கத்தோடு நிற்கிறது. கதவு மூடியிருக்கும்போதுதான் முறுக்கம் உச்சம், திறந்திருக்கும்போது மிகக் குறைவு. அசையாமல் மூடிக் கிடக்கும் கதவைப் பார்த்து "சும்மாதானே இருக்கிறது" என்று ஸ்பேனரை வைப்பதில்தான் விபத்து நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் அளவில் மரம் போர்த்திய கதவு 90 கிலோ என்று வையுங்கள். தண்டின் இரு முனையிலும் கேபிள் சுற்றும் உருளையின் விட்டம் 4 அங்குலம், அதாவது ஆரம் 5 செ.மீ. அதன் சுற்றளவு 32 செ.மீ. என்பதால் 7 அடி ஏற 6½ சுற்றுக்குச் சற்று மேலே வேண்டும். மேலே போன பிறகும் கேபிள் தளராமல் இருக்க இன்னும் முக்கால் சுற்று. ஆக ஏழரைச் சுற்று, கால் சுற்றுகளாக 30. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் பாதி எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங் முனையிலுள்ள முறுக்குக் கூம்பின் துளையில் செருகித் திருப்பும் 45 செ.மீ. முறுக்குக் கம்பியின் நுனியில் உங்கள் கைக்குத் தெரிவது 5 கிலோ மட்டும்தான். அந்த இலகுதான் ஆளை ஏமாற்றுகிறது. கம்பி நழுவினால், அந்த ஏழரைச் சுற்றில் சேர்ந்திருக்கும் 500 ஜூல் அளவான ஆற்றல் ஒரே மூச்சில் வெளியே வரும். 50 கிலோ சீமெந்து மூட்டை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. ஆனால் இங்கே அது சுழலும் இரும்புக் கம்பியாக வரும்.

கொங்கிரீட் கம்பி ஏன் ஆகாது என்றால், முறுக்குக் கூம்பிலுள்ள துளை பெரும்பாலும் அரை அங்குலம், 12.7 மி.மீ. வரிக்கம்பி அதன் வரிகள் தொடும் இடத்தில் மட்டும் பிடிக்கும், அல்லது அடிவரை இறங்கவே இறங்காது. 12 மி.மீ. மொழுக்கைக் கம்பியில் 0.7 மி.மீ. ஆட்டம் இருக்கும். ஸ்குரூ டிரைவரை நினைக்கவே கூடாது, முனைப்பக்கம் ஒடுங்கியது. துளையை வேர்னியரால் அளந்து, லேத் கடையில் அதே அளவில் 45 செ.மீ. நீளத்துக்கு உள்ளீடுள்ள உருக்குக் கம்பி இரண்டு எடுங்கள். சில கூம்புகளில் துளை 16 மி.மீ. இருக்கும், அதனால் அளக்காமல் எடுக்காதீர்கள். கம்பியை அடிவரை இறக்கி, வெளியே தெரியும் எல்லையில் டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் டேப் கூம்பின் விளிம்பைத் தொட்டால்தான் கம்பி முழுதாக உட்கார்ந்திருக்கிறது.

நீங்களே செய்யக்கூடியது: பார்ப்பது, அளப்பது, எண்ணெய் போடுவது, சமநிலைச் சோதனை, சக்கரமும் கீலும் மாற்றுவது. அதிலும் அடிமூலைச் சக்கரத்தை விட்டுவிடுங்கள். முறுக்கை இறக்குவதையும் ஏற்றுவதையும் இந்தக் கதவு வேலை தெரிந்த பாஸிடம் (தொழிலாளியிடம்) கொடுங்கள். அவர் எப்படிச் செய்கிறார் என்று கவனிக்கத்தான் கீழே எழுதுகிறேன்.

கதவை மூடி, இருபக்கத் தண்டவாளத்திலும் ஒரு சக்கரத்துக்கு நேர் மேலே வைஸ் கிரிப் (கடித்துப் பூட்டிக்கொள்ளும் குறடு) பூட்ட வேண்டும், கதவு எகிறாமல் இருக்க. தண்டிலும் ஒன்று பூட்டி, அதன் கைப்பிடி சுவரில் முட்டி நிற்க வேண்டும். ஏணி கூம்புக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில். முகமும் நெஞ்சும் கம்பி சுழலும் வட்டத்துக்குள் வரக்கூடாது. முதல் கம்பியைச் செருகி, முறுக்கத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் கூம்பின் இரண்டு இறுக்கு ஆணிகளையும் தளர்த்த வேண்டும். அது மாறினால் தொலைந்தது. கால் சுற்று இறக்கி, இரண்டாவது கம்பியை அடுத்த துளையில் செருகி, பாரம் அதற்கு மாறிய பிறகே முதல் கம்பியை உருவ வேண்டும். இப்படியே 30 தடவை, எண்ணிக்கொண்டே. நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள். முறிந்த பக்கத்தின் ஆணியையும் கம்பி செருகாமல் தளர்த்தக் கூடாது.

ஏற்றும்போது கடைசியில் இறுக்கு ஆணி தண்டைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் குழல் தண்டு நசுங்கும். குறைந்தால் கூம்பு வழுக்கும்.

நம்ம பக்கத்துக் குளிருக்கு ஒன்று: மப்ளர், தொங்கும் கம்பளிச் சட்டைக் கை, இரண்டும் ஆகாது. விடியற்காலை விரல் விறைத்திருக்கும் நேரத்திலும் இந்த வேலை வேண்டாம்.

தலவாக்கலை_மேட்டுவீடு:

நன்றி அண்ணே. வெல்டிங்கை விட்டுவிட்டேன். காருக்கு மட்டும் வழி சொல்லுங்கள், நாளைக்கு எடுத்தே ஆக வேண்டும்.

கப்பியும்_கேபிளும்:

எடுக்கலாம். தூக்கும் முன் இருபக்கக் கேபிளும் உருளையின் பள்ளத்தில் ஒழுங்காகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று நழுவியிருந்தாலும் கதவைத் தூக்காதீர்கள், சரிந்து சிக்கிக்கொள்ளும். கேபிள் சரி என்றால், கதவு முழுதாக மூடியிருக்கும்போது மோட்டாரின் சிவப்புக் கயிற்றை இழுத்து விடுவியுங்கள். ஸ்பிரிங் முறிந்த கதவு பாதியில் நிற்கும்போது அதை இழுத்தால் கதவு நேராகத் தரைக்கு வரும்.

நான்கு பேர், பக்கத்துக்கு இருவர். ஒரு ஸ்பிரிங் வேலை செய்வதால் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி எடை. அடி விளிம்பை மட்டும் பிடியுங்கள். பலகைகள் சேரும் இடுக்கில் விரல் வைத்தால், கதவு வளையும்போது அந்த இடுக்கு மூடிக்கொள்ளும். மேலே போனதும் இருபக்கத் தண்டவாளத்திலும் அடிச் சக்கரத்துக்குக் கீழே வைஸ் கிரிப் பூட்டி, அதோடு இருபுறமும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். பிறகு காரை எடுத்து, அதே நான்கு பேரோடு இறக்குங்கள். பிள்ளைகளும் நாயும் அந்தப் பக்கம் வராமல் ஓர் ஆள் தனியாக நிற்கட்டும்.

பட்டறை அண்ணன் "அடிமூலையை விட்டுவிடுங்கள்" என்றாரே, அதை விரித்துச் சொல்கிறேன். கதவின் அடியில் இரு மூலையிலும் கேபிள் மாட்டியிருக்கும் தகடு பார்ப்பதற்குச் சாதாரணக் கீல் மாதிரி இருக்கும். ஆனால் ஸ்பிரிங்கின் முழு இழுப்பும் கேபிள் வழியாக அங்கேதான் வந்து நிற்கிறது. துருப்பிடித்த அந்த ஆணியை மாற்றலாமே என்று கழற்றினால் தகடு கேபிளோடு மேலே பறக்கும். கைக்கும் முகத்துக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை. அதோடு, தண்டின் முனை உருளைகளின் ஆணி, கூம்பின் இறுக்கு ஆணி, நடுத் தாங்கியைச் சுவரோடு பிடிக்கும் ஆணி. முறுக்கம் இருக்கும்வரை இவற்றுக்கு ஸ்பேனர் போடக்கூடாது. சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

நடுத் தாங்கி எதில் பூட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். அல்பீசியா போன்ற மென்மரப் பலகையில் திருகாணி நிற்காது. பலகை வெடித்திருந்தால் புது ஸ்பிரிங் ஏற்றும் முன் அதை மாற்ற வேண்டும்.

இன்னொன்று, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு. மண்மேட்டை வெட்டிக் கட்டிய கராஜ்களில் நிலைக்கு மேலே இடம் போதாது. அங்கே தண்டுக்குப் பதிலாக, மேல் தண்டவாளத்தின் இருபக்கமும் நீளமாக இழுபடும் ஸ்பிரிங் மாட்டியிருப்பார்கள். அதன் நடுவே 3 மி.மீ. கம்பிக்கயிறு ஒன்று ஓடி இரு முனையிலும் தனியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் அறுந்தால் துண்டுகள் காரின் கண்ணாடிக்கோ ஆளின் தலைக்கோ போகாமல் அந்தக் கயிற்றிலேயே நிற்கும். கயிறு இல்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். கதவை முழுதாகத் திறந்து, வைஸ் கிரிப்பால் பூட்டி, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் போடும் வேலை அது.

பண்டாரவளை_கடைத்தெரு:

எங்கள் கடைக்கு ரோலர் டோர். கையால் தூக்குவது. இப்போதெல்லாம் ரொம்பக் கனமாக இருக்கிறது. ஸ்பிரிங் வெளியே தெரியவில்லை. இதிலும் இந்த ஆபத்து உண்டா?

பட்டறை_ஹட்டன்:

உண்டுங்க, மறைந்திருப்பதால் கூடவே உண்டு. ஸ்பிரிங் அந்தச் சுருளுக்குள்ளே தண்டைச் சுற்றி இருக்கிறது. கதவு ஏறி இறங்கும்போது தண்டு சுழல்வதில்லை, அதன் மேலுள்ள சக்கரங்கள்தான் சுழல்கின்றன. தண்டைச் சுழலவிடாமல் பிடித்திருப்பது சுவர்த் தாங்கிகளிலுள்ள யூ வடிவ போல்ட். அதைத் தளர்த்தினால் தண்டே சுழலும், அதில் மாட்டிய பைப் ரென்ச்சும் சேர்ந்து அடிக்கும். கதவு முழுதாகத் திறந்திருந்தாலும் உள்ளே ஆரம்ப முறுக்கம் மிச்சம் இருக்கிறது.

கனமாகிவிட்டால் முதலில் பக்கச் சட்டங்களைச் சுத்தம் செய்து பாருங்கள். தூசியும் துருவும் பாதிக் காரணமாக இருக்கும். அப்படியும் கனமென்றால் பாஸ் வரட்டும். அவர் கதவை முழுதாகத் திறந்து, சுருளை மூன்று இடத்தில் 10 மி.மீ. நைலோன் கயிற்றால் கட்டி, தண்டை 24 அங்குல பைப் ரென்ச்சால் பிடித்த பிறகுதான் யூ போல்ட்டைத் தொட வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, இறுக்கி, கயிறு அவிழ்த்து, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடிச்சட்டத்தின் இரு முனையிலும் சிறு முட்டுத் துண்டு இருக்கும். உடைந்தால் உடனே போடுங்கள். அது இல்லாவிட்டால் வேகமாகத் தள்ளும்போது கதவு முழுதும் சுருளுக்குள் போய், ஸ்பிரிங் கட்டுப்பாடின்றி அவிழும்.

பழைய கடைகளில் கருங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய சுவர் என்றால், எக்ஸ்பான்ஷன் போல்ட் அதில் நிற்காது. தாங்கியைச் சுற்றிப் பூச்சு வெடிப்பது முதல் அடையாளம். சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு மறுபக்கம் தகடு வைத்து இறுக்குங்கள்.

தலவாக்கலை_மேட்டுவீடு:

கார் வெளியே வந்துவிட்டது. ஸ்பிரிங் வாங்க அளவு எடுத்தேன். முறிந்த இரண்டு துண்டும் சேர்த்து 27 அங்குலம், உள்விட்டம் 2 அங்குலம், 20 வளையம் 114 மி.மீ. கடையில் 6 மி.மீ. கம்பியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறதாம், வாங்கட்டுமா?

பட்டறை_ஹட்டன்:

வேண்டாம் தம்பி. 114-ஐ 20 ஆல் வகுத்தால் கம்பியின் தடிப்பு 5.7 மி.மீ. விறைப்பு தடிப்பின் நான்காம் படிக்கு ஏறும். அதே எண்ணிக்கை வளையங்களோடு 6 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட 23 சதவீதம் விறைப்புக் கூடும், கதவு தானாக மேலே எகிறும். முறிந்த துண்டில் அளந்தது நல்லது. முறுக்கிய நிலையில் அளந்திருந்தால் சுற்றுக்கு ஒரு வளையம் வீதம் 4 செ.மீ. கூடுதலாகக் காட்டியிருக்கும்.

இரண்டையும் மாற்றுங்கள், ஒரே வயது. இடது வலது வெவ்வேறு திசையில் சுற்றியவை, "ஒரு சோடி" என்று சொல்லி வாங்குங்கள். வழக்கமான ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூடுவதற்கு. நாளுக்கு 4 தடவை என்றால் 7 வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நம் மூடுபனியில் துருக்குழி விழுந்து அதற்கு முன்பே வெடிப்புத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெல்லிய எண்ணெயை வளையங்களில் துணியால் பூசுங்கள், கதவு மூடியிருக்கும்போது, கம்பி முனையில் துணி சிக்காமல்.

பழையது மரம் காய்ந்த காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். அதனால் முறுக்கை முழுதாக இறக்கியதும், பாஸை விட்டுக் கதவின் அடியில் நடுவே குளியலறைத் தராசு வைத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழையில் மரம் நீர் குடித்துக் கனக்கும். அதற்காக ஸ்பிரிங்கை ஏற்றினால் பெப்ரவரியில் கதவு எகிறும். பலகையின் ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்து, காய்ந்த எடைக்கு முறுக்குங்கள். மோட்டாரை விடுவித்துக் கதவை இடுப்பளவில் நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு சாண் இறங்கினாலும் ஏறினாலும் கால் சுற்றுத் திருத்தம் வேண்டும், அதையும் பாஸே செய்யட்டும்.