தாத்தா பார்த்தது ஜீரோவா?

மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து எழுதுகிறேன். 1941 டிசம்பரில் பால் வாளியைப் போட்டுவிட்டு ரப்பர் மரத்தடியில் குப்புறப் படுத்த கதையைத் தாத்தா சொல்வார். மேலே பறந்தது ஜப்பான்காரனின் ஜீரோ சண்டை விமானமாம். அப்படி ஒரு விமானம் இருப்பது வெள்ளைக்காரனுக்கு முன்பே தெரியாதா?

— தெரியும் அண்ணே. 1940லேயே சீனாவில் ஜீரோ சண்டையில் இறங்கிவிட்டது. தகவல் சிங்கப்பூர் வரைக்கும் வந்தது. பிரிட்டிஷ் தரப்பில் பஃபலோ சண்டை விமானம் ஓட்டிய பையன்கள் கைக்குத்தான் போய்ச் சேரவில்லை.

— ஒரு திருத்தம். இங்கே ஜீரோ என்று பெரும்பாலும் நினைத்தது ஜப்பான் ராணுவத்தின் கி-43 சண்டை விமானத்தை. அசப்பில் ஜீரோ மாதிரியே இருக்கும். விமானிகளே ஏமாந்தார்கள், தாத்தாவைச் சொல்லி என்ன! ஜீரோ கடற்படையுடையது. 1942இல் அலாஸ்கா பக்கம் அலூஷியன் தீவு ஒன்றில் கவிழ்ந்து கிடந்த ஒன்றை அமெரிக்கர்கள் பழுதுபார்த்து ஓட்டினார்கள். அப்புறம்தான் குட்டு உடைந்தது: வேகம் கூடினால் உருட்டித் திருப்புவது கஷ்டம், மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் இஞ்சின் இருமும்.

— சரி, இதை அப்பாவிடம் சொன்னால் அடிக்க வருவார்.