டிபேஸ்மென்ட்டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? (ரோமக் காசு பத்தி)

எல்லாருக்கும் வணக்கம்.

ரோமப் பேரரசு உள்ளுக்குள்ளயே எப்படி நொடிச்சுப் போச்சுன்னு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். கோத்தியர், ஹூணர், பாரசீகப் படையெடுப்பு எல்லாம் வேற ஒருத்தர் பாத்துக்குறாரு, எனக்கு வந்தது உட்காரணம் மட்டும். வாரிசுச் சண்டை, பட்டாளத்துச் சம்பளம், வரி, கொள்ளைநோய் இதுக்கெல்லாம் வார்த்தைப் பஞ்சம் இல்ல. மாட்டிக்கிட்டது டிபேஸ்மென்ட்டுல. அரசாங்கமே காசுல இருக்குற வெள்ளியக் குறைச்சு செம்பக் கூட்டி, பழைய மதிப்புலயே புழக்கத்துல விடுமே, அது. நான் யோசிச்சது மூணு: நாணய மதிப்பிழப்பு, நாணயக் கலப்படம், நாணயத் தரக்குறைவு. மூணுமே எனக்கு ஒட்டல. உங்க கருத்து சொல்லுங்க.

---

தம்பி வணக்கம்.

> நாணய மதிப்பிழப்பு

இது வேண்டவே வேண்டாம். 2016 நவம்பர்ல 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு சொன்னதுலேர்ந்து பணமதிப்பிழப்புன்னா ஊரு உலகத்துக்கே அது ஒண்ணுதான். ரோமுல நடந்தது நேர் எதிரு. காசு செல்லாதுன்னு யாரும் சொல்லல, செல்லும் செல்லும்னு அடிச்சு சொன்னாங்க, அதுதான் பிரச்சினையே. 260ல எகிப்துல ஆக்சிரிங்கஸ்னு ஒரு ஊரு, அங்க காசு மாத்திக் குடுக்குற கடைக்காரங்க பேரரசரோட காச வாங்க மாட்டோம்னு கடையச் சாத்திட்டாங்க. உடனே மாவட்ட அதிகாரி ஆர்டர் போடுறாரு, கடையத் திறங்க, கள்ளக்காசத் தவிர மத்த எல்லாக் காசையும் வாங்கியே ஆகணும், மீறினா தண்டனைன்னு. அந்த ஆர்டர் எழுதின பாப்பிரஸ் (பழைய எகிப்து நாணல்தாள்) இன்னும் இருக்கு. எகிப்துக்குத் தனிக் காசுதான், ஆனா நோய் அதேதான்.

> நாணயக் கலப்படம்

இது கொஞ்சம் கிட்ட வருது, ஆனா ஆளை மாத்திக் காட்டுது. கலப்படம்னா நமக்கு பால்ல தண்ணி ஊத்துற ஆளுதான் ஞாபகம் வரும், அதாவது அரசாங்கத்துக்குத் தெரியாம வியாபாரி பண்றது. ரோமுல அரசாங்கம்தான் பால்காரன். நிஜமான கலப்படமும் அங்க நடந்துச்சு, ஆரேலியன் பேரரசரா இருந்தப்ப ரோம் தங்கசாலைல (காசு அடிக்கிற இடம்) வேலை பாத்தவங்களே உள்ள கைய வெச்சாங்கன்னு புகார் கிளம்பி, 271 வாக்குல பெலிசிஸிமஸ்னு கருவூல அதிகாரி தலைமைல கலகமே வெடிச்சு, அத அடக்குறதுக்குள்ள ஏழாயிரம் படைவீரங்க செத்தாங்கன்னு பழைய வரலாற்று ஆசிரியருங்க எழுதிருக்காங்க. எண்ணிக்கைய விடுங்க, சம்பவம் சம்பவம்தான். உங்க கட்டுரைல ரெண்டுமே வரும் இல்லையா? தங்கசாலை ஆளு திருடினத கலப்படம்னு சொல்லுங்க, பேரரசர் பண்ணதுக்கு வேற வார்த்தை வேணும், இல்லாட்டி ரெண்டும் ஒண்ணாக் கொழம்பிடும்.

தரக்குறைவும் ஆகாது. குறைவுன்னா அதுவாவே குறைஞ்ச மாதிரி இருக்கு, மழை குறைவு, ரத்தசோகைங்கிற மாதிரி. குறைச்சவன் பேரு ஊரு வருசம் எல்லாமே கைல இருக்கு, அதனால குறைப்புன்னுதான் வரணும்.

நான் சொல்ற சொல்லு: மாற்றுக்குறைப்பு.

பத்தரை மாத்துத் தங்கம்னு இன்னிக்கும் சொல்றோம்ல, அந்த மாற்று. உரைகல்லுல தேச்சு, மாத்து தெரிஞ்ச ஆணியோட ஒப்பிட்டு, இது எட்டு மாத்து ஒம்பது மாத்துன்னு பத்தர் சொல்றது. கோயில் கல்வெட்டுலயும் பொன்னுக்கு மாற்று சொல்லித்தான் கணக்கு எழுதிருக்காங்க. காசையும் பொன்னையும் சோதிக்கிறவனுக்கு வண்ணக்கன்னு தனிப் பேரே சங்க காலத்துல இருந்திருக்கு. இவ்வளவு கெடைக்க நாம எதுக்கு தரம், மதிப்புன்னு பொத்தாம் பொதுவா போகணும்? தங்கத்துக்கு உள்ள அளவுதான், வெள்ளிக்கும் நீட்டிக்கலாம், ஒண்ணும் குடி முழுகிடாது.

போட்டுப் பாருங்க எப்படி உக்காருதுன்னு. சுத்த வெள்ளிய பத்தரைன்னு வெச்சுக்குங்க. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து தெனாரியஸ்ங்கிற வெள்ளிக்காசுல வெள்ளி 97, 98 சதவீதம், அது பத்தேகால் மாத்து. ஒரு ராத்தல் (ரோம பவுண்டு) வெள்ளிக்கு 84 காசு அடிச்சாங்க. கி.பி. 64ல நீரோ அத 96 காசாக்குனாரு, மாத்தையும் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இறக்குனாரு, எட்டரைக்கு கொஞ்சம் கம்மி. 194, 195 வாக்குல செப்டிமியஸ் செவரஸ் பாதியாக்கிட்டாரு, அஞ்சேகால். காலியெனஸ் ஆட்சி (253–268) முடியுறப்ப அரை மாத்து தேறுறதே கஷ்டம். அடுத்து வந்த இரண்டாம் கிளாடியஸ் காலத்துல 2, 3 சதவீதம், அதாவது கால் மாத்து! செம்புக் காசு மேல வெள்ளிய லேசா பூசி விட்டது, ரெண்டு கை மாறினா உள்ள இருக்குற செம்பு பல்லக் காட்டும்.

நீரோ காசப் பத்தி ஒரு விசயம். ரொம்ப நாளா அதுல வெள்ளி 90க்கு மேலன்னுதான் ஆராய்ச்சிக்காரங்களே நெனச்சிருந்தாங்க. ஏன்னா முத்திரை அடிக்கிறதுக்கு முன்னாடி காசு வில்லைய சுட்டு, அமிலத்துல போட்டு, மேலாக இருக்குற செம்ப அரிச்சு எடுத்துடுறது, மேல்தோல் மட்டும் நல்ல வெள்ளியா நிக்கும். மேலாக சோதிச்சா நல்ல காசு. பக்கவாட்டுல துளை போட்டு உள்ள இருக்குற உலோகத்த எடுத்துப் பாத்தப்பதான் 80 தெரிஞ்சுது. ரெண்டாயிரம் வருசம் கழிச்சும் ஏமாத்துச்சு பாருங்க. இதுக்கு மேல்வெள்ளியேற்றம்னு வெச்சுக்கலாம், பூச்சு வேற இது வேற, பூச்சுல வெளிலேர்ந்து பூசுறாங்க, இதுல உள்ள இருக்குற வெள்ளியத்தான் மேல நிக்க வைக்கிறாங்க.

---

வணக்கம். நான் பேங்க்ல இருக்கேன், அதனால என் பங்குக்கு ஒரு மறுப்பு. மாற்றுன்னா இப்ப படிக்கிற பசங்களுக்கு மாற்று வழி, மாற்றுத்திறனாளி, இதுதான் தெரியும். அதவிடப் பெரிய சிக்கல், நாணயமாற்றுன்னா ஃபாரின் எக்ஸ்சேஞ்ச். நாணய மாற்றுக்குறைப்புன்னு தலைப்புல போட்டா டாலர் ரேட்ட குறைச்சாங்கன்னுதான் எல்லாரும் படிப்பாங்க. பேசாம பணவீக்கம்னே முடிச்சுக்கலாமே, கடைசில விலைவாசி ஏறினதுதானே விசயம்? இன்னொண்ணு, வெள்ளி ஏன் தீந்துச்சுன்னு கேட்டா ரோம எழுத்தாளர் பிளினியே நம்மளத்தானே கை காட்டுறாரு, வருசத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் (நாலு சேந்தா ஒரு தெனாரியஸ்) இந்தியாவுக்குப் போகுதுன்னு. அப்ப அது உட்காரணம் எப்படி ஆகும்?

---

அக்கா, நல்ல கேள்வி, பின்னாடிலேர்ந்து வரேன்.

பிளினி கணக்க வெச்சு நாமளும் மொளகு வித்தே ரோமக் கவுத்தோம்னு பெருமை பேசிட்டு திரியுறோம். ஆனா கோயம்புத்தூர், கரூர் பக்கம் புதையலா கெடைச்ச ரோம வெள்ளிக்காசுல பெரும்பாலானது அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தது. நீரோ மாத்தக் குறைச்சதுக்கப்புறம் அடிச்ச வெள்ளி இங்க ரொம்பக் கம்மி. நம்ம ஆளுங்க உரைச்சுப் பாத்துத்தான் வாங்கிருப்பாங்க போல. அதனால காசு கெட்டது அப்புறம் 200 வருசத்துல, அங்கயே, அவங்க கையாலயே.

யாரு கைன்னா பட்டாளத்துக்குப் பயந்த கை. டொமிஷியன பாருங்க, 82ல மாத்த திரும்ப அகஸ்டஸ் அளவுக்கு ஏத்துறாரு, நல்ல மனுசன்னு நெனைக்கிறோம், 83, 84ல படைவீரன் சம்பளத்த வருசத்துக்கு 225 தெனாரியஸ்லேர்ந்து 300 ஆக்குறாரு, 85ல மாத்த மறுபடி இறக்கிட்டாரு. மூணே வருசத்துல மொத்தக் கதையும் முடிஞ்சுது. 193ல இன்னும் கேவலம், பெர்டினாக்ஸ் பேரரசரக் கொன்ன மெய்க்காவல் படை அரியணையவே ஏலம் விட்டுச்சு, தலைக்கு 25,000 செஸ்டர்ஸ்னு டிடியஸ் ஜூலியானஸ் ஏலம் எடுத்தாரு, பத்து வாரம் கூட நிக்கல, அவரும் காலி. அடுத்து வந்தவருதான் செவரஸ். 211ல யார்க்ல சாகக் கெடக்கும்போது மகனுங்களுக்கு சொன்னதா அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் காசியஸ் டியோ எழுதுறாரு: ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்க, படைவீரங்களப் பணக்காரனாக்குங்க, மத்தவன் எவனையும் சட்டை பண்ணாதீங்க. மூத்தவன் கரகல்லா முதல் புத்திமதிய மட்டும் விட்டுட்டான், தம்பியையே கொன்னான், ரெண்டாவத அச்சு பிசகாம செஞ்சான், சம்பளத்த இன்னும் ஏத்தினான். 215ல ஒரு புதுக் காசு, ரெண்டு தெனாரியஸ் மதிப்புன்னு வெளியிடுறான், உள்ள இருந்த வெள்ளி ஒண்ணரை தெனாரியஸுக்குத்தான் வரும்.

இதுல 2ஆம் நூற்றாண்டு கடைசில ஸ்பெயின்ல ரியோ டின்டோ சுரங்கத்து வெள்ளியும் கொறஞ்சு போச்சு. வரவு கம்மி, செலவு ஏறுது, வரிய ஏத்தினா கலகம், சம்பளத்த நிறுத்தினா கழுத்துக்குக் கத்தி. 235ல மைன்ஸ்ல அலெக்சாண்டர் செவரஸ அவரு படையே கொன்னதுலேர்ந்து 284ல டயோக்ளீஷியன் வர வரைக்கும் இருபதுக்கு மேல பேரரசருங்க, நோய் நொடில, படுக்கைல செத்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். ஒவ்வொருத்தரும் பதவிக்கு வந்தா படைக்கு வெகுமானம் குடுக்கணும், கைல இருக்குறது பழைய காசு, உருக்கி செம்பக் கலந்து ரெண்டா அடி. என்னக் கேட்டா மாற்றுக்குறைப்பு நோயே இல்ல, அது காய்ச்சல்மானி. நோய் எதுன்னா, அடுத்தது யாருன்னு தீர்மானிக்க பட்டாளத்த விட்டா வேற ஏற்பாடு இல்லாம போனது. தம்பி, கட்டுரைல இந்த வரிசைய மாத்தி எழுதிடாதீங்க, காசு கெட்டதால நாடு கெட்டுச்சுன்னு இன்டர்நெட்டுல தங்கம் விக்கிறவங்க ஏற்கனவே நிறைய எழுதிட்டாங்க.

பணவீக்கம்னு ஏன் போடக்கூடாதுன்னா அது வேற சம்பவம், வேற தேதி. எகிப்து பாப்பிரஸ்ல விலைக்கணக்கு ஓரளவு தொடர்ந்து கெடைக்குது. அதுல கொள்ளைநோய்க்கு அப்புறம் 2ஆம் நூற்றாண்டு கடைசில விலை ரெட்டிப்பாகுது, அதுக்கப்புறம் பல பத்து வருசம் காசுல வெள்ளி கரைஞ்சிட்டே இருந்தும் விலை பெரிசா தாவல. 270கள்ல, ஆரேலியன் காசுச் சீர்திருத்தம் பண்ணப்பதான் ஒரே தாவா பத்து மடங்கு வாக்குல எகிறுது. மாத்து கொறஞ்சதும் விலை ஏறினதும் ஒரே வேகத்துல நடக்கல, ரெண்டுக்கும் ஒரே சொல்லு போட்டா இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. ஜனங்க அரசாங்க முத்திரைய எவ்வளவு காலம் நம்பினாங்கங்கிறதுதான் அந்த இடைவெளி.

நாணயமாற்று சிக்கல் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. அதுக்கு வழி, நாணயத்த பக்கத்துலயே சேக்கக் கூடாது. காசு மாற்றுக்குறைப்பு, இல்லன்னா வெள்ளி மாற்றுக்குறைப்புன்னு போட்டா டாலர் நெனப்பு வராது, உலோகம்னு புரிஞ்சிடும். எடைய மட்டும் குறைச்சா எடைக்குறைப்பு, நீரோ பண்ணது ரெண்டும் சேந்தது.

---

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. வெள்ளி மாற்றுக்குறைப்புன்னே போட்டு ஒரு பத்தி எழுதிப் பாத்தேன், நல்லா ஓடுது. இன்னும் மூணு இடத்துல முடிவு வேணும்.

கரகல்லாவோட புதுக்காசுக்கு ஆன்டோனினியானஸ்னு இப்ப சொல்றோம், அன்னிக்கு என்ன பேருன்னு தெரியாது. அதுல பேரரசர் தலைல சூரியக்கதிர் மாதிரி முடி இருக்கும், அதனால கதிர்முடிக்காசுன்னு போடுறேன்.

ஆரேலியன் காசுல இருபத்தொண்ணுன்னு ரோம எண் பொறிச்சிருக்கும், இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளின்னு பொதுவா அர்த்தம் சொல்றாங்க. இவ்வளவுதான் இருக்குன்னு காசு மேலயே எழுதி வெச்சத என்னன்னு சொல்ல? மாற்றுக்குறின்னு யோசிச்சிருக்கேன்.

மூணாவது டயோக்ளீஷியன் 301ல போட்ட விலை ஆணை. முடி வெட்ட 2 தெனாரியஸ், எழுத்து சொல்லிக் குடுக்குற வாத்தியாருக்கு பையன் ஒருத்தனுக்கு மாசம் 50, ஒரு ராத்தல் தங்கம் 72,000, மீறினா மரண தண்டனை. அகஸ்டஸ் காலத்துல ஒரு ராத்தல் தங்கம்னா ஆயிரம் தெனாரியஸ்தான், நாப்பது ஆரியஸ் (தங்கக்காசு), ஒண்ணுக்கு 25 தெனாரியஸ் வீதம். ஆணை வந்ததும் சந்தைலேர்ந்து சரக்கே காணாமப் போச்சுன்னு அந்தக் காலத்து கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்ஷியஸ் எழுதுறாரு, அவருக்கு டயோக்ளீஷியன ஆகாது, கொஞ்சம் கழிச்சுப் படிக்கணும். இத விலைக்கட்டுப்பாட்டு ஆணைன்னு சொல்றதா உச்சவிலை ஆணைன்னு சொல்றதா? இதுக்கு மேல விக்கக் கூடாதுன்னுதான் ஆணை, கம்மியா வித்தா தப்பில்ல, அதனால எனக்கு உச்சவிலை பக்கம்தான் சாய்வு.

கான்ஸ்டன்டைன் அடிச்ச சொலிடஸ் தங்கக்காசுக்கு தமிழ்ப் பேரு தேடல, அது அப்படியே இருக்கட்டும். ராத்தலுக்கு 72ன்னு வெச்ச காசு கான்ஸ்டான்டிநோபிள்ல 11ஆம் நூற்றாண்டு வரைக்கும் பெரிசா கை வைக்காம ஓடிருக்கு, அங்க மாற்றுக்குறைப்புங்கிற சொல்லுக்கு வேலையே இல்ல, மைக்கேல்ங்கிற பேருல வந்த பேரரசருங்க காலத்துலதான் மறுபடி தேவைப்படும், அது அடுத்த கட்டுரை.

மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, திங்கக்கிழமை ஏத்திடுறேன்.