கோடெக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தொடக்கத் திருச்சபை பரவியதைப் பற்றிய இயலில் ‘கோடெக்ஸ்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கிரேக்க இலக்கியம் பெரும்பாலும் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளில் இருந்த 2ஆம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்தவர்கள் நற்செய்திகளை மடித்துத் தைத்த தாள்களில் இருபுறமும் எழுதிவந்தார்கள். அந்த வடிவம்தான் கோடெக்ஸ். ‘புத்தகம்’ என்று போட்டால் சுருளும் புத்தகம்தானே என்று மாணவர் கேட்பார். வேறு சொல் உண்டா?

ஓலைச்சுவடிப் பதிப்பாளர்:
சுவடி இருக்கும்போது வேறு எதற்கு? ஏடுகளை அடுக்கிக் கட்டுவது, ஒவ்வொன்றாகப் புரட்டுவது, இருபுறமும் எழுதுவது எல்லாம் அதில் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேல் புழங்கிய சொல்லை விட்டுப் புதிதாகச் செய்ய வேண்டாம்.

இறையியல் ஆசிரியை:
மன்னிக்க வேண்டும் ஐயா, சுவடி சரிவராது. ‘சீனாய்ச் சுவடி’ என்றதும் என் மாணவர்கள் பனையோலையை நினைக்கிறார்கள். அது வேதாகமத்தின் 4ஆம் நூற்றாண்டுத் தோலேடு. சுருளைக்கூடச் சுவடி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே வடிவம்தான் முக்கியம். மான்செஸ்டரில் இருக்கும் யோவான் நற்செய்தித் துணுக்கைப் பாருங்கள். 8.9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கத்தில் 18ஆம் அதிகாரத்தின் 31 முதல் 33 வரையிலான வசனங்கள், மறுபக்கத்தில் 37, 38. இடையில் விடுபட்டதைக் கணக்கிட்டால் முழுப்பக்கம் எவ்வளவு பெரியது என்பதே தெரிந்துவிடும். சாதாரணச் சுருளில் வாசகம் இப்படிப் பின்பக்கம் தொடராது.

தனித்தமிழ் அன்பர்:
பொத்தகம். பாவாணர் வழி வந்த சொல். பொத்துதல் என்றால் மூடுதல், தைத்தல். தைத்த நூலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்றும் உண்டு. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வரும் முத்தநாதன் படைக்கருவியை மறைத்து ஏந்தி வருவது ‘புத்தகக் கவளி’. கவளி என்றால் கட்டு. வெற்றிலைக் கவளி என்று இன்றும் சொல்கிறோம். ‘கவளியேடு’ என்று ஆளலாம்.

சுவடியியல் மாணவி:
கவளி அழகான சொல்தான் ஐயா, ஆனால் அது கட்டைத்தான் சொல்கிறது, மடிப்பைச் சொல்லவில்லை. பொத்தகம் என்றால் படிப்பவர் புத்தகத்தின் தூய வடிவம் என்றே எடுத்துக்கொள்வார். ‘மடிப்பேடு’ எப்படி? எதிர்ப்பதமாகச் ‘சுருளேடு’ கிடைக்கும். கி.பி. 200 அளவில் எழுதப்பட்ட பவுல் கடிதத் தொகுப்பில் 52 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் ஒரே மடிப்பு. 104 ஏடு, 208 பக்கம். அதில் 86 ஏடுகள் இன்றும் டப்ளினிலும் மிச்சிகனிலும் இருக்கின்றன.

ஓலைச்சுவடிப் பதிப்பாளர்:
விசிறிபோல் மடிக்கும் பர்மிய ஏடுகளை அப்போது என்னவென்று அழைப்பீர்கள் அம்மா? அவையும் மடிப்பேடுதானே. அவற்றில் தையலே கிடையாது.

இறையியல் ஆசிரியை:
அது நியாயமான கேள்வி. ஆனால் ‘தையலேடு’ என்றால் தையல் வகுப்பு நோட்டு என்று நினைப்பார்கள். அப்புறம், 2 தீமோத்தேயு 4:13இல் பழைய தமிழ் வேதாகமம் ‘தோற்சுருள்கள்’ என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது ‘மெம்பிரானாஸ்’, லத்தீனிலிருந்து வந்த சொல். தோல் என்றுதான் பொருள், சுருள் என்ற பேச்சே இல்லை. பவுல் கேட்டது தோல் குறிப்பேடுகளாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். இப்படிச் சுருளைச் சேர்த்துவிட்டால் சபையில் ஏடு எப்போது புழங்கத் தொடங்கியது என்ற கேள்வியே எழாமல் போகிறது. அதனால்தான் தனிச்சொல் வேண்டும் என்கிறேன்.

தனித்தமிழ் அன்பர்:
சுருளுக்குச் ‘சுருணை’ என்ற சொல்லும் உண்டு. ‘சுருள்’ என்ற வேரை எடுத்தால்...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, சுருணையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ‘மடிப்பேடு’ என்று போட்டு, முதல்முறை வரும் இடத்தில் ‘நடுவில் மடித்துத் தைத்த ஏடு, கோடெக்ஸ்’ என்று விளக்கம் சேர்க்கிறேன். நான்கு நற்செய்திகளும் ஒரே நூலாகச் சேர்ந்ததைச் சொல்லும் பத்திக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

ஓலைச்சுவடிப் பதிப்பாளர்:
பாடத்தில் போடுங்கள், தடுக்கவில்லை. கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது என் மறுப்பையும் சேர்த்துப் பதியுங்கள். தையலைச் சொல்லாத பெயர் அரைப் பெயர்தான்.