பாப் இசை இதழ் அட்டைக்கு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் புராஜெக்டுக்காக, பதின்வயது பாப் ரசிகர்களுக்கு 32 பக்கத் தமிழ் இசை இதழ் ஒன்றை வடிவமைக்கிறேன். பிரிட்டனில் 1978 முதல் 2006 வரை வந்த 'ஸ்மாஷ் ஹிட்ஸ்'தான் முன்மாதிரி. பாடல் வரிகளும் போஸ்டர்களும் கொடுத்தே இளசுகளைக் கட்டிப்போட்ட இதழ் அது! நானும் நடுப்பக்கத்தைப் போஸ்டருக்கே ஒதுக்கிவிட்டேன். நடு மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் இதழில் அது ஒரே தாள், படம் வெட்டுப்படாது.

சிக்கல் அட்டையில்தான். தலைப்புகளுக்கு 'பலூ தம்பி' எழுத்துரு துள்ளலாக இருக்கிறது. ஆனால் இரண்டு வரி வந்தால் மேல்வரியின் 'கு', 'மு' சுழிகள் கீழ்வரியின் 'கி', 'மி' மேல்வளைவுகளில் இடிக்கின்றன. இடைவெளி கூட்டினால் அட்டையின் வேகமே போய்விடுகிறது. அச்சுக்கு ஏற்ற, கொழுத்த வேறு தமிழ் எழுத்துரு தெரிந்தால் சொல்லுங்கள். வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதையும் கேளுங்கள்: அட்டையில் ஒரே முகம் பெரிதாக வேண்டுமா, முழுக் குழுவும் வேண்டுமா?