புதுப்பிப்பு: ஆக்சலாட்டில் (தண்ணீரில் வாழும் சாலமாண்டர் வகைப் பிராணி) சாப்பிடவில்லை, செவுள் சுருண்டது (இப்போது சரி)

மே மாதம் செம்பூர் வீட்டில் தொட்டித் தண்ணீர் 27 டிகிரிக்குப் போய், என் ஆக்சலாட்டில் செவுள்களை முன்பக்கம் சுருட்டிக்கொண்டு மண்புழுவைக்கூடத் தொடாமல் கிடந்தபோது இங்கே பதறிப்போய்க் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மின்விசிறி வைத்ததில் 2 டிகிரிதான் இறங்கியது, மும்பை ஈரக்காற்றில் தண்ணீர் சரியாக ஆவியாவதில்லை. ஐஸ் பாட்டில் போட்டால் சட்டென்று குளிர்ந்து மறுபடி ஏறியது, அந்த ஏற்ற இறக்கமும் அதற்கு ஆகாது. கைகொடுத்தது சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி) வாங்கச் சொன்ன யோசனைதான், இப்போது நிலையாக 17.

எதிர்பாராதது சில்லருக்கான பம்ப்பின் நீரோட்டம். வேகம் தாங்காமல் செவுள் மறுபடி சுருண்டது. குழாய் வாயில் ஸ்பாஞ்ச் கட்டிக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். அப்புறம் நாலாம் நாள் இடுக்கியிலிருந்தே புழுவைப் பிடுங்கித் தின்றது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சில்லர் சூட்டை வெளியே தள்ளும், ஜன்னலோரம் வையுங்கள்.