ரப்பர் பேண்டா, ஊசியா? அப்பாவுக்கு எது நல்லது?

தாமரைக்குளம்:
அப்பாவுக்கு 61 வயது, சிரோசிஸ் (கல்லீரல் இறுகிப்போகும் நோய்). போன மாதம் விடிகாலையில் ரத்த வாந்தி. வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து வெடித்திருக்கின்றனவாம். எண்டோஸ்கோப்பி வழியாக ஐந்து ரப்பர் பேண்டு போட்டார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். இன்னொரு தரம் அந்தக் குழாயை விழுங்க மாட்டேன் என்கிறார் அப்பா. பெரியப்பாவோ, "தாத்தாவுக்கு ஊசிதானே போட்டாங்க, அதையே கேளுங்க" என்கிறார். மகள் நான் நடுவில். ஊசி என்றால் ஒரே தடவையில் முடிந்துவிடுமா?

நாலு தடவை:
முடியாது தங்கச்சி. ஊசியையும் அதே குழாய் வழியாகத்தான் போடுவார்கள், அதற்கும் திரும்பத் திரும்பப் போகத்தான் வேண்டும். நான் நாலு தடவை பேண்டு போட்டுக்கொண்டவன். குழாய் முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். புடைத்த நாளத்தை அதற்குள் உறிஞ்சி இழுத்து, அடியில் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அது சில நாளில் உதிரும், அந்த இடத்தில் புண் இருக்கும். இரண்டாம் தடவை, ஒன்பதாம் நாள், தட்டை தின்றேன். மறுநாள் மலம் தார் மாதிரி கறுப்பு, உள்ளே ரத்தம் கசிந்ததற்கு அடையாளம். ஓடிப்போய் அட்மிட் ஆனேன். தட்டையால்தானா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. நான் தட்டையை விட்டுவிட்டேன். அப்பாவுக்குக் குழைந்த சாதம், ஆறின கஞ்சி கொடுங்கள். மயக்க ஊசி போட்டுச் செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், குழாய் பயம் பாதி போய்விடும்.

எண்டோ நர்ஸ்:
அண்ணா சொன்னது சரி. ஊசி மருந்து நாளத்தைச் சுருங்க வைக்கும், ஆனால் சுற்றியுள்ள சதையையும் புண்ணாக்கும். நெஞ்சுவலி, காய்ச்சல், பிற்பாடு உணவுக்குழாய் சுருங்கிச் சாப்பாடு இறங்காமல் போவது எல்லாம் உண்டு. 1992-ல் அமெரிக்காவில் ஸ்டீக்மேன் குழுவினர் 129 பேரிடம் ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 22 பேருக்குச் சிக்கல், பேண்டில் 2 பேருக்கு. இறப்பும் பேண்டில் குறைவு. இப்போது பேண்டு போட முடியாத நிலையில்தான் ஊசி. இரைப்பையின் மேல்பகுதியில் வேரிசஸ் (இப்படிப் புடைத்த நாளங்கள்) இருந்தால் கதை வேறு, அங்கே சயனோஅக்ரிலேட் என்ற பசையைச் செலுத்துவார்கள். ஃபெவிக்விக்கின் சொந்தக்காரன்தான்.

ஒன்று மட்டும்: பேண்டு நாளத்தை அடைக்கும், கல்லீரல் பக்கத்து அழுத்தத்தைக் குறைக்காது. அதனால்தான் கார்வெடிலால் அல்லது புரொப்ரனலால் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தாமரைக்குளம்:
கார்வெடிலால் இருக்கிறது. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "அப்போ தட்டை கூடாதா?" என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை போகிறோம்.